ஆபரேஷனுக்கு முன்னால் ஏன் 'கரண்ட்'? மலக்குடல் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரிசை

சித்தப்பாவுக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று உறுதியான அன்று எங்கள் வீட்டில் அழுகையைவிடச் சண்டைதான் அதிகம் நடந்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஊர். திண்ணையில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். மருத்துவர் சொன்ன திட்டத்தை நான் சொல்லி முடித்தேன்: முதலில் ஐந்தரை வாரம் கதிர்வீச்சு, கூடவே மாத்திரையாகக் கீமோ, பிறகு இரண்டு மாதம் போல இடைவெளி, அதற்குப் பிறகுதான் ஆபரேஷன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நாளைக்கே வெட்டி எறிய வேண்டியதுதானே? மூன்று நான்கு மாதம் அதை வளரவிட்டு வேடிக்கை பார்ப்பார்களா?" என்றார். சித்திக்கு வேறு பயம். என்னைத் தனியாகக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய், "ஆபரேஷன் செய்ய முடியாத அளவுக்கு முற்றிவிட்டதா? அதனால்தான் கரண்ட் வைக்கிறேன் என்கிறார்களா? என்னிடமாவது உண்மையைச் சொல்" என்று கேட்டார்.

டெல்டாவில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பேச்சில் 'கரண்ட் வைப்பது' என்றுதான் பெயர். உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே போன்ற கதிர்தான், அதைவிடப் பல மடங்கு வலுவானது, குறி வைத்துச் செலுத்தப்படுவது. ஆனால் அந்தப் பெயரோடு ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: கத்தி வைக்க முடியாதவர்களுக்குத்தான் கரண்ட், கரண்ட் என்றால் கடைசிக் கட்டம். மலக்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை இது தலைகீழான எண்ணம். நோயை அடியோடு எடுத்துவிட முடியும் என்ற நம்பிக்கை இருப்பதால்தான், ஆபரேஷன் நன்றாக அமைய வேண்டும் என்பதற்காகத்தான் கதிர்வீச்சை முன்னால் வைக்கிறார்கள். பள்ளியில் உயிரியல் நடத்துகிற எனக்கே இது பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று. சித்தி கேட்ட கேள்வியோடு நிற்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் புரிந்துகொண்டதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூலம் என்று போன எட்டு மாதம்

மலத்தோடு ரத்தம் வந்தபோது சித்தப்பா யாரிடமும் சொல்லவில்லை. சம்பா அறுவடை நேரம். பிறகு சொன்னபோது எல்லோரும் மூலச்சூடு என்றோம். மோர் குடிக்கச் சொன்னோம், கருணைக்கிழங்கு வாங்கிக்கொடுத்தோம். பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் மூலம், பௌத்திரம் விளம்பரம்தான் இருக்கிறது. அதில் ஒரு இடத்துக்குப் போய் லேகியமும் களிம்பும் வாங்கிவந்தார். எட்டு மாதம் போயிற்று. அங்கே ஒருவர்கூட அவரைப் படுக்கவைத்து விரலால் சோதித்துப் பார்க்கவில்லை. கடைசியில் பார்த்த மருத்துவர் கையுறை போட்டுக்கொண்டு அரை நிமிடம் சோதித்துவிட்டு, கட்டி தட்டுப்படுகிறது என்றார். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வரும் கட்டிகள் பலவும் விரலுக்கே எட்டிவிடும். ரத்தம், மலம் கழித்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பதுபோன்ற உணர்வு, வழக்கம் மாறிப்போவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை – இவற்றில் ஏதாவது சில வாரம் நீடித்தால் வயது எதுவானாலும் அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். நாற்பது வயதுக்குள் இந்த நோய் வருகிறவர்களும் நம்மிடையே உண்டு. வெட்கத்தில் போன அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அதன் பிறகு கொலனோஸ்கோப்பி (கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது), திசு எடுத்துப் பரிசோதனை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி., இடுப்புக்கு எம்.ஆர்.ஐ., ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற புரதத்தின் அளவு (இந்த நோய் உள்ள பலருக்கு அது கூடியிருக்கும்). இதில் எம்.ஆர்.ஐ.தான் சிகிச்சையின் வரிசையைத் தீர்மானிக்கிறது. காரணம் புரிய வேண்டுமானால் அந்த இடத்தின் அமைப்பு கொஞ்சம் தெரிய வேண்டும்.

கோட்டை பிரியாமல் எடுப்பது

பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர்தான் மலக்குடல். ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஆனால் அது இருக்கும் இடம் மிக நெருக்கடியானது. இடுப்பெலும்பு ஒரு புனலைப்போல அதைச் சூழ்ந்திருக்கிறது. முன்னால் சிறுநீர்ப்பை, ஆண்களுக்கு ப்ரோஸ்டேட், பெண்களுக்குக் கருப்பையும் பிறப்புறுப்பும். பக்கவாட்டில் சிறுநீரையும் தாம்பத்தியத்தையும் ஆளும் நரம்புகள். கீழே மலத்தை அடக்கிவைக்கும் சுருக்குத் தசை. வயிற்றில் இருக்கும் பெருங்குடலில் கட்டி வந்தால் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு வெட்டலாம். இங்கே அந்தத் தாராளம் கிடையாது.

மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. நோயை எதிர்க்கும் செல்கள் தங்கும் சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்கள் அதற்குள்தான் இருக்கின்றன. கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் முதலில் தங்குவது பெரும்பாலும் அங்கேதான். நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளங்கவைக்க எனக்குத் தோன்றும் உவமை விதைக்கோட்டை. வைக்கோல் பிரியால் இறுக்கிச் சுற்றி உள்ளே விதைநெல்லை வைத்திருப்பார்களே, அது. பிரி அறுந்தால் நெல் சிந்தும். மலக்குடலையும் அதன் உறை கிழியாமல் கோட்டையோடு தூக்குவதுபோல வெளியே எடுக்க வேண்டும். கிழிந்தால் செல்கள் உள்ளேயே சிந்திவிடும்.

இந்த உண்மை மருத்துவ உலகத்துக்குப் பிடிபடவே நெடுங்காலம் ஆயிற்று. 1908-ல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர், மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு வயிற்றில் நிரந்தர வழி வைக்கும் முறையை விவரித்தார். உயிர்கள் பிழைத்தன. ஆனாலும் எடுத்த இடத்திலேயே நோய் திரும்ப முளைப்பது ஓயவில்லை. இடுப்புக்குள் திரும்ப வரும் நோய் மிகக் கொடிய வலியைத் தருவது. 1982-ல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரத்து மருத்துவர் பில் ஹீல்ட், உறை கிழியாமல் முழுதாக எடுக்கும் முறையை எழுதினார். அதைக் கற்றுக்கொண்ட இடங்களிலெல்லாம் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது.

ஆனால் கட்டி உறையின் விளிம்புவரை வளர்ந்துவிட்டால் எவ்வளவு திறமையான கையும் தடுமாறும். எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டிக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் இருக்கிறதா இல்லையா என்பதே பெரிய கேள்வி. சித்தப்பாவின் மருத்துவர் கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டமும் அதற்குள் இன்னொரு வட்டமும் வரைந்து, இரண்டும் உரசும் இடத்தில் பேனாவை அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். "இந்தப் புள்ளியை உள்ளே இழுக்க வேண்டும். அதற்குத்தான் முதலில் கதிர்வீச்சு" என்றார். மாமாவின் கேள்விக்கு அந்தப் படம்தான் பதில்.

கட்டி குடல் சுவருக்குள்ளேயே நிற்கிறது, கணுக்களும் சுத்தமாக இருக்கின்றன என்றால் பெரும்பாலும் நேரடியாக ஆபரேஷன்தான். சுவரைத் தாண்டியிருந்தாலோ கணுக்களில் இருப்பதாகத் தெரிந்தாலோதான் கதிர்வீச்சு, கீமோ, ஆபரேஷன் மூன்றையும் சேர்க்கும் பேச்சு. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரருக்கு நேராக ஆபரேஷன் செய்தார்களே, நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று மனம் கலங்க வேண்டாம். அவர் கட்டி வேறு, உங்கள் கட்டி வேறு.

முன்னாலா, பின்னாலா

கதிர்வீச்சு சேர்த்தால் பலன் உண்டா என்பதை ஊகத்தில் விடவில்லை. சுவீடனில் நடந்த பெரிய ஆய்வு 1997-ல் வெளிவந்தது. ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. ஆபரேஷனுக்கு முன்பு ஒரு வாரம் கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 11 சதவீதம். ஹீல்டின் முறையில் கவனமாக ஆபரேஷன் செய்தால் கதிர்வீச்சு எதற்கு என்ற கேள்வி எழுந்தபோது நெதர்லாந்து அதையும் சோதித்தது. 2001-ல் வந்த முடிவு: கதிர்வீச்சு இல்லாமல் இரண்டு ஆண்டில் 8.2 சதவீதம், கதிர்வீச்சோடு 2.4 சதவீதம்.

சரி, ஆபரேஷன் முடிந்த பிறகு கொடுத்தால் ஆகாதா? ஜெர்மனியில் இதையே நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 2004-ல் வந்த முடிவின்படி, கீமோவும் கதிர்வீச்சும் முன்னால் பெற்றவர்களில் ஐந்து ஆண்டில் 6 சதவீதம் பேருக்கும், பின்னால் பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்கும் அங்கேயே நோய் திரும்பியது. கடுமையான பக்கவிளைவுகளும் முன்னால் பெற்றவர்களுக்குக் குறைவு: 27-க்கு எதிராக 40 சதவீதம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் இரண்டு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இடுப்பில் நோய் திரும்பாமல் காப்பதுதான் இந்த வரிசையின் பெரிய வெற்றி. தூரத்தில் போய் முளைப்பதைத் தடுக்க வேறு வேலை வேண்டும். அதற்குக் கீமோவிடம் வருவோம்.

முன்னால் கொடுப்பது ஏன் மேல் என்பதற்கான காரணங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை, வகுப்பிலேயே சொல்லலாம்போல இருப்பவை. கதிர் நன்றாக வேலை செய்ய அந்த இடத்தில் ஆக்சிஜன் வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பு ரத்தக் குழாய்கள் அப்படியே இருக்கின்றன, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. பின்பு அங்கே இருப்பது தழும்பு. ரத்த ஓட்டம் குறைவு. இரண்டாவது, ஆபரேஷன் முடிந்து மலக்குடல் இருந்த இடம் காலியானதும் சிறுகுடல் சரிந்து அந்தப் பள்ளத்தில் இறங்கிவிடும். அப்போது கதிர்வீச்சு கொடுத்தால் சிறுகுடல்தான் வெந்து நோகும். மூன்றாவது, முன்னாலேயே கொடுத்துவிட்டால் கதிர்பட்ட குடல் துண்டைத்தான் வெட்டி எடுத்துவிடப்போகிறார்கள். கீழே இழுத்து இணைக்கும் குடல் கதிர்படாத நல்ல குடல். பெரிய ஆபரேஷன் முடிந்து தளர்ந்து கிடக்கிறவரை ஐந்தரை வாரம் தினமும் அழைத்துப்போவது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வழக்கமான நீண்ட முறையில் நாளுக்கு 1.8 கிரே வீதம் 28 நாள், மொத்தம் 50.4 கிரே. கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு. சனி, ஞாயிறு விடுமுறை. ஒரே நாளில் மொத்தத்தையும் கொடுத்துவிட முடியாதா என்று சித்தப்பா கேட்டார். கதிர் செல்லின் மரபணு இழையை வெட்டுகிறது. நல்ல செல் அன்று இரவே பெருமளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. தினமும் கொஞ்சமாகக் கொடுக்கும்போது நல்லது தப்பிப் பிழைக்கிறது, கெட்டது கடன் சுமந்தவனைப்போல நாளுக்கு நாள் தாழ்ந்துபோகிறது.

கூடவே கொடுப்பது கேப்பசிட்டபின் மாத்திரை. காலையும் இரவும் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். உடம்புக்குள் போய் 5-எஃப்.யூ. என்ற மருந்தாக மாறுகிறது. அது 1957-ல் கண்டுபிடிக்கப்பட்ட பழைய, நன்கு தெரிந்த மருந்து. வெட்டுப்பட்ட இழையை ஒட்டவைக்கத் தேவையான பொருளைச் செல் தயாரிக்க விடாமல் செய்துவிடும். கதிர் வெட்டுகிறது, மாத்திரை ஒட்டவிடாமல் தடுக்கிறது. இந்தக் கட்டத்தில் மாத்திரையின் முதல் வேலை கதிருக்குக் கைகொடுப்பது. அதனால் மாத்திரைதானே என்று ஒரு வேளை விடுவது, இரண்டை ஒன்றாகப் போட்டுக்கொள்வது எதுவும் கூடாது.

ஐந்து நாளில் முடியும் குறுகிய முறையும் உண்டு. நாளுக்கு 5 கிரே, மொத்தம் 25. வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ தினமும் வர வேண்டியவருக்கு இது பெரிய ஆறுதல். இந்தக் குறுகிய முறையோடு சில மாதக் கீமோவையும் ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிடும் வழியை ராபிடோ என்ற ஐரோப்பிய ஆய்வு சோதித்தது. ஆபரேஷன் செய்து எடுத்துப் பார்த்தபோது கட்டியே இல்லாமல் கரைந்திருந்தவர்கள் 28 சதவீதம். வழக்கமான முறையில் 14. தூர உறுப்புகளில் நோய் முளைப்பதும் குறைந்தது. ஆனால் ஐந்து ஆண்டுக் கணக்கில் அதே இடத்தில் நோய் திரும்பியவர்கள் இந்த வழியில் சற்று அதிகம், ஏறத்தாழ 10 சதவீதம். வழக்கமான முறையில் 6. எது தனக்குப் பொருத்தம் என்பதை எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். பயணம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக யாரும் தேர்ந்துகொள்ள வேண்டாம்.

அரை லிட்டர் தண்ணீர்

கதிர்வீச்சு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். முதல் நாள் ஒரு சி.டி. எடுத்துத் திட்டம் போடுகிறார்கள். இடுப்பில் மூன்று இடத்தில் சிறு புள்ளி பச்சை குத்தினார்கள், மறு நாள் முதல் அதே இடத்தில் அதே கோணத்தில் படுக்கவைப்பதற்கு. பிறகு தினமும் ஒரே நடைமுறை. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். வந்து அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பி உப்பினால் அது சிறுகுடலை மேலே தள்ளிவிடும், கதிர் போகும் பாதையிலிருந்து விலக்கிவிடும். அந்த நீள பெஞ்சில் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு பாட்டிலோடு அமர்ந்திருப்பார்கள். வயதானவர்களுக்கு அடக்குவது பெரும்பாடு. மிஷின் பழுதாகி நேரம் தள்ளிப்போன ஒரு நாள் சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் இருபது நிமிடம் அடக்கிக்கொண்டிருந்தார். காரணம் தெரிந்ததால்தான் அவரால் முடிந்தது. காரணம் தெரியாத ஒருவர் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, போகவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்ததையும் பார்த்தேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஏன் என்று யாராவது இரண்டு வரி விளக்கியிருக்க வேண்டும்.

உள்ளே படுத்திருப்பது சில நிமிடம்தான். வலிக்காது, சுடாது, வாசனை வராது. உடம்பில் கதிர் எதுவும் தங்குவதும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.

தொல்லைகள் இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் மெல்லத் தலைகாட்டும். வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல், ஆசனவாயைச் சுற்றித் தோல் புண்ணாவது, சொல்ல முடியாத அசதி. மாத்திரையால் சிலருக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியும். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்கள் இதைச் சாதாரணப் பித்தவெடிப்பு என்று விட்டுவிடக் கூடாது. வயிற்றுப்போக்கு கட்டுக்கடங்காமல் போனாலோ, வாய் புண்ணாகிச் சாப்பிட முடியாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ மாத்திரையை நிறுத்தலாமா என்று அன்றைக்கே மருத்துவரைக் கேட்க வேண்டும். பொறுத்துப்பார்ப்போம் என்பது இங்கே வேண்டாம். இன்னொன்று, கீமோ நாட்களில் பழைய சோறு வேண்டாம் என்று எங்களிடம் சொன்னார்கள். வெள்ளை அணுக்கள் குறையும் காலத்தில் சூடாக அப்போதே சமைத்ததுதான் நல்லது. வாழ்நாளெல்லாம் காலையில் பழையது சாப்பிட்டவருக்கு இது சிகிச்சையைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது. சித்தி சுடுசோற்றில் மோர் ஊற்றிக்கொடுத்து ஒருவாறு சமாளித்தார்.

இளவயதினர் கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்பே பிள்ளைப்பேறு பற்றிக் கேட்டுவிட வேண்டும். இடுப்பில் கதிர்பட்டால் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடும், கருப்பையும் பாதிக்கப்படும். ஆண்களுக்கு விந்தணு குறையும். விந்தணுவையோ கருமுட்டையையோ முன்னரே எடுத்துச் சேமிக்க வழி இருக்கிறது. தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இதைப் பேசக் கூச்சமாக இருந்தால் மருத்துவரிடம் தனியாக ஐந்து நிமிடம் கேளுங்கள்.

காத்திருக்கும் வாரங்கள்

28 நாள் முடிந்தது. இனி ஆபரேஷன் எப்போது என்றால் எட்டு வாரம் கழித்து என்றார்கள். மாமா மறுபடி கொதித்தார். ஆனால் இந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான். மரபணு வெட்டுப்பட்ட செல் அந்த நிமிடமே சாவதில்லை. அடுத்த முறை இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் அது முறிந்து விழும். அதனால் கடைசிக் கதிர் பட்ட பிறகும் பல வாரம் கட்டி சுருங்கிக்கொண்டே இருக்கும். அதே வாரங்களில் நல்ல திசுவின் வீக்கம் வடிகிறது, ஆள் தேறுகிறார். பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஆபரேஷனை வைக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் உழவு முடிய வேண்டும் என்று தவிக்கிற மண்ணில் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த இடைவெளியில் யாரோ சொன்னார் என்று வேர், பஸ்பம், மூலிகைச் சாறு எதையும் தொடங்கிவிடாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டு, தினமும் நடந்து, பீடி சிகரெட்டை விட்டு, ரத்தசோகையைச் சரிசெய்து உடம்பைத் தேற்றுவதுதான் அப்போது செய்ய வேண்டிய வேலை.

காத்திருப்பு முடிந்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சிலருக்குக் கட்டி அடியோடு மறைந்திருக்கும். பிரேசிலின் சாவோ பாலோவில் அஞ்ஜலிட்டா ஹப்ர்-காமா என்ற பெண் அறுவை மருத்துவர், அப்படிப்பட்டவர்களை ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்துவந்த அனுபவத்தை 2004-ல் வெளியிட்டபோது உலகமே திகைத்தது. இன்று அது ஏற்கப்பட்ட வழி. ஆனால் நான்கில் ஒருவருக்கு அங்கே மறுபடி முளைக்கிறது, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டில். அடிக்கடி விரல் சோதனை, உள்நோக்கிப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. என்று தவறாமல் வருகிறவருக்குத்தான் இது ஏற்றது. ரத்தம் நின்றுவிட்டது, இனி ஆபரேஷன் வேண்டாம் என்று தாமாகவே முடிவு கட்டிக்கொண்டு காணாமல்போவது இதுவல்ல. அப்படி ஒருவர் போய், ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்ததை எங்கள் பெஞ்சில் இருந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் மனத்தில் கனக்கும் கதைகளில் அதுவும் ஒன்று.

சித்தப்பாவுக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது, விளிம்பிலிருந்து விலகியிருந்தது. சுருக்குத் தசையைக் காப்பாற்றிவிடலாம் என்றார்கள். மலக்குடலை உறையோடு எடுத்து, மேலே இருந்த பெருங்குடலைக் கீழே இழுத்து இணைத்தார்கள். அந்த இணைப்பு ஆறும்வரை மலம் அதன் வழியே போகக் கூடாது என்பதற்காகச் சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்து ஒரு பை மாட்டினார்கள். இது தற்காலிகம்; சில மாதத்தில் மூடிவிடுவார்கள். கட்டி சுருக்குத் தசையிலேயே இறங்கியிருந்தால்தான் மைல்ஸ் சொன்னது போன்ற நிரந்தர வழி.

பையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சிறுகுடல் வழியில் தண்ணீரும் உப்பும் நிறைய வெளியேறும். எங்களுக்கு அது சித்திரை மாதம். வெயிலில் வயல் வெடித்துக் கிடக்கும் நாட்கள். சித்தப்பா நிறையத் தண்ணீர்தான் குடித்தார். ஆனாலும் கால் பிடித்திழுத்தது, சிறுநீர் மஞ்சளாகக் குறைந்தது. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் பையில் போவது இன்னும் கூடுமே தவிர உடம்பில் நிற்காது. ஓ.ஆர்.எஸ். கரைசலும் உப்புப் போட்ட அரிசிக்கஞ்சியும்தான் நிற்கும். இதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு இரவு ட்ரிப் ஏற்றும் நிலைக்குப் போகாமல் தப்பலாம். பையைக் காலி செய்யச் சித்தி கற்றுக்கொண்டது கிணற்றடியில். முதல் முறை கை நடுங்கியது. மூன்றாம் நாள் அரிசி களைவதுபோல இயல்பாகச் செய்தார்.

எடுத்த குடல் பரிசோதனைக்குப் போகும். உறை முழுசாக இருக்கிறதா, விளிம்பு சுத்தமா, எத்தனை கணுவில் நோய் என்று அறிக்கை வரும். அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது கீமோவின் தனி வேலை. கதிரும் கத்தியும் ஒரே வயலில் நின்று வேலை செய்கிறவை. வரப்பைத் தாண்டியதை அவற்றால் தொட முடியாது. காவிரியில் விழுந்த விதை வெண்ணாற்றில் போய் முளைப்பதுபோல ரத்தத்தில் கலந்த செல் கல்லீரலிலோ நுரையீரலிலோ போய்த் தங்கலாம். எந்த ஸ்கேனிலும் தெரியாத சின்ன அளவில். எல்லா வாய்க்காலிலும் போய்வரக்கூடியது ரத்தத்தில் கலக்கும் மருந்து மட்டும்தான். அதற்காகத்தான் ஆபரேஷனுக்குப் பின் சில மாதம், அல்லது இப்போது பல இடங்களில் செய்வதுபோல ஆபரேஷனுக்கு முன்பே, ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோ. முன்பே கொடுப்பதில் ஒரு நடைமுறை நன்மை உண்டு: ஆபரேஷன் முடிந்து சோர்ந்தவர்கள் பலர் கீமோவை முழுதாக முடிப்பதில்லை. ஆக்ஸாலிப்ளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ச்சியைத் தொட்டால் விரலில் ஊசி குத்தும், பானைத் தண்ணீர் குடித்தாலும் தொண்டை இறுகும். வெந்நீர் குடித்தால் போதும். மரத்துப்போவது நீடித்தால் மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்றுவார்கள்.

செலவைப் பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு, புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் நோய் உறுதியான வாரமே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ரயிலில் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். தஞ்சாவூரோ, திருச்சியோ, புதுச்சேரி ஜிப்மரோ, அடையாறோ, எங்கே தொடங்கினாலும் கதிர்வீச்சைத் தொடங்கிய இடத்திலேயே முடியுங்கள். நடுவில் நாள் விட்டால் கட்டிதான் அந்த நாளைப் பயன்படுத்திக்கொள்ளும். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நாள் விடுவதில்லை என்று முதலிலேயே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

சித்தப்பாவின் பையை ஆடியில் மூடினார்கள். அதன் பிறகு முதல் சில மாதம் நாளுக்கு எட்டு, பத்து முறை மலம் கழிக்கப் போக வேண்டியிருந்தது. சேமித்துவைக்கும் மலக்குடல் இப்போது இல்லை அல்லவா? உணவை மாற்றி, மருந்து எடுத்து, இடுப்புத் தளத் தசைக்குப் பயிற்சி செய்து மெல்லக் குறைந்தது. முழுதும் பழையபடி ஆகவில்லை. வெளியே போனால் கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்கிறார். வயலுக்குப் போகிறார், நடவைக் கரையில் நின்று பார்க்கிறார். முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சி.இ.ஏ. பரிசோதனை, பிறகு ஐந்து ஆண்டுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நடுநடுவே சி.டி.யும் கொலனோஸ்கோப்பியும். அந்த ஃபைல் நிலத்துப் பட்டாவும் தீர்வை ரசீதும் இருக்கும் தகரப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த தேதியைச் சித்தி அடுப்படிக் கதவின் உள்பக்கம் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறார். போய்வந்த தேதியை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது மாமாவின் வேலை.